கைபேசியும் கலாசாலையும்

உழவன் தன் மகனுக்கு முதன்முதல் அரிவாளைக் கொடுக்கும் நாளில், அதனைக் கொடுத்த மாத்திரத்தில் அவனை வயலில் இறக்கிவிடுவதில்லை. தாளை எவ்வளவு உயரத்திற் பற்றுதல் வேண்டும், அரிவாளின் வாய் எத்திசை நோக்குதல் வேண்டும், வேலை ஒழிந்த பொழுதில் அதனை வரப்பின்மேல் எவ்வாறு வைத்தல் வேண்டும் என்னும் இவற்றையெல்லாம் தன் கையால் அவன் கையைப் பிடித்துக் காட்டிய பின்னரே அப்பாற் செல்கிறான். அங்ஙனம் காட்டியும் சிற்சில வேளை விரல் அறுபடுவதுண்டு. அறுபட்ட பிள்ளை அலறிக்கொண்டு தந்தையிடமே ஓடிவருகிறான்; தந்தையும் வைவதைப் பின்னர் வைத்துக்கொண்டு முதலிற் காயத்தைக் கட்டுகிறான். கருவியைக் கொடுத்தல், கையாளக் கற்பித்தல், காயம்பட்டாற் கட்டுதல் என்னும் இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்ததே தொழில் பழக்குதல் என்பதை எழுத்தறியா உழவனும் நன்கறிவான்.

கைபேசி என்னும் கருவியைப் பொறுத்தவரையில், கலாசாலைகளாகிய நாம் இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே செய்தோம். மற்றை இரண்டினையும் செய்யாது விட்டதோடமையாது, அவற்றினிடத்தில் ‘வகுப்பறையிற் கைபேசி கூடாது’ என்னும் ஒரு விலக்கை வைத்து நம் கடமை முடிந்ததென்று அமைந்துவிட்டோம். விலக்கு மாணவனைக் காக்கவில்லை; அவனை வாய்மூடச் செய்துவிட்டது. இதுவே இக்கட்டுரையால் யான் வெளியிட விரும்பும் கருத்து. இதனை ஏட்டிலிருந்து அறிந்துகொண்டேனல்லேன். என் பிழையிலிருந்து அறிந்துகொண்டேன்.

சில ஆண்டுகட்கு முன், யான் விடுதிப் பொறுப்பிலிருந்த காலத்தில், முதலாண்டு மாணவனொருவன் தன் பழைய மிதிவண்டியை விற்க விரும்பி, இணையத்தில் அறிவிப்புச் செய்திருந்தான். வாங்க விரும்புவதாக ஒருவன் பேசினான். தன்னை இராணுவத்திற் பணிபுரிபவனென்று சொல்லிக்கொண்டான். பணம் அனுப்புவதற்கென்று ஒரு கட்டக்குறியை அனுப்பி, ‘இதனைக் கைபேசியாற் பிடித்து, உன் இரகசிய எண்ணை இட்டால் பணம் உன் கணக்கில் வந்து சேரும்’ என்றான். மாணவன் அவ்வாறே செய்தான். வந்து சேர வேண்டிய பணம் வரவில்லை. இருந்த பணமும் போயிற்று. அப்பணம் அடுத்த பருவத்துக் கட்டணத்திற்காக அவன் தந்தை ஆடு விற்று அனுப்பியது. இது நிகழ்ந்தது முற்பகலில், வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், கடைசிப் பலகையில்.

ஒன்பது நாள் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் ஒருவேளை மாத்திரமே உண்டு வந்தான். பத்தாம் நாள் அறைத்தோழன் வந்து என்னிடம் சொல்ல, யான் அவனை அழைத்து, ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, தம்பி?’ என்று வினவினேன். அவன் தலைகுனிந்து, ‘வகுப்பு நேரத்திற் கைபேசி வைத்திருந்தேன், ஐயா. தெரிந்தால் அப்பாவை வரவழைப்பீர்கள் என்று பயந்தேன்’ என்றான். அவன் சொன்னது உண்மை. வகுப்பிற் கைபேசியுடன் பிடிபட்டவன் தந்தையை அழைத்துவருதல் வேண்டுமென்ற விதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவருள் யானும் ஒருவன். அவ்வொன்பது நாளில் அப்பணம் கணக்கு மாறிக் கணக்குச் சென்று மறைந்துபோயிற்று. கள்வன் ஒருவன் எங்கோ இருந்து திருடினான். அவனுக்குத் தப்பியோட ஒன்பது நாள் தவணை கொடுத்தவர் நாமே.

இவ்விழப்பில் ஒன்பது நாள் என்பது சிறிய செய்தியன்று. இணையவழிப் பண மோசடிகளை உடனுக்குடன் தெரிவிப்பதற்கென்று 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு முறைமையை ஏற்படுத்திற்று. 1930 என்னும் எண்ணிற்கு அழைத்துச் சொன்னால், பணம் சென்ற வங்கிக்கு அச்செய்தி எட்டி, கள்வன் எடுக்குமுன் அது நிறுத்திவைக்கப்படுதல் கூடும். எடுத்துவிட்டானாயின் பின்னர்ச் செய்யத்தக்கது மிகச் சிறிதே. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியும் இதனையே வற்புறுத்திற்று: வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இழந்ததை, வங்கிக்குத் தெரிவிக்கும்வரையில், அவரே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும், தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். எனவே இத்துறையில் வாய்திறத்தலே மருந்து; காலந்தாழ்த்தலே நோய். மாணவன் வாய்திறவாதபடி அச்சுறுத்தும் எவ்விதியும், எத்துணை நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்டதாயினும், கள்வனுக்கே துணைபோகின்றது.

இனி, இக்கருவியை மாணவர் கையில் வைத்தவர் யார் என்பதையும் நினைவுகூர்தல் நலம். 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்கட்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயால் வகுப்பறைகள் அடைபட்டபொழுது, அதுவரை குற்றப்பொருளாயிருந்த கைபேசியே வகுப்பறையாயிற்று. அஃதில்லாத மாணவன் வருகைப்பதிவை இழந்தான். கடன்பட்டுக் கைபேசி வாங்கிக் கொடுத்த பெற்றோரை நாம் அறிவோம். இன்றும் சேர்க்கை விண்ணப்பம், கட்டணம், தேர்வு முடிவு, உதவித்தொகை, பாடக்குறிப்பு ஆகிய யாவும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. வாயிலில் விலக்கி அலுவலகத்தில் வேண்டும் இந்த இரட்டை வழக்கை மாணவர் கண்டுகொள்ளாமலிரார். தாம் மெய்யென்று மதியாத விதியை இளைஞர் மீறுவர், மீறியதை மறைப்பர், மறைக்குமிடத்தே தீங்கு வளரும்.

அவ்வாறாயின், கற்பிக்க வேண்டியது யாது? ‘எச்சரிக்கையாயிரு’ என்னும் பொதுவுரை போதாது. கிணற்றடியில் ‘விழாதே’ என்று கூவுவதைவிடக் கைப்பிடிச்சுவர் எங்கேயுள்ளதெனக் காட்டுவதே பயன்தரும். கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தவனை ஏமாற்றுதல் அரிது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் பணமாற்று முறையில், இரகசிய எண் பணம் கொடுப்பதற்கு வேண்டப்படும். பெறுவதற்கு ஒருபொழுதும் வேண்டப்படாது. இந்த ஒரு வரியை அம்மாணவன் அறிந்திருந்தானாயின் அவன் தந்தையின் ஆட்டுப்பணம் தப்பியிருக்கும். மூன்றாண்டுப் படிப்பில் எத்தனையோ சூத்திரங்களை அவனுக்குக் கற்பிக்கவிருந்த நாம், இந்த ஒரு வரியைக் கற்பிக்க ஐந்து நிமிஷம் ஒதுக்கினோமில்லை.

இவ்வாறே, காவலர் உடையணிந்த ஒருவன் காணொளியில் தோன்றி, ‘உன் பெயரிற் போதைப்பொருட் பொதி வந்துள்ளது, உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கைபேசியை அணைக்காதே, ஒருவரிடமும் சொல்லாதே’ என்று மிரட்டும் வஞ்சனை சில ஆண்டுகளாகப் பரவியுள்ளது. கற்றுத் தேர்ந்த முதியோரும் இதற்கு இரையாகியுள்ளனர். அத்தகைய கைது இந்நாட்டுச் சட்டம் எதனிலும் இல்லை. ஆனால் மாணவர் ஈண்டுக் கூர்ந்து நோக்க வேண்டுவது அவ்வஞ்சகனின் கடைசிக் கட்டளையை. ‘ஒருவரிடமும் சொல்லாதே’ என்பதே அவன் பிடித்துள்ள கயிறு. எவன் தனிமைப்படுத்துகிறானோ அவன் பகைவன் என்னும் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டவன், வஞ்சனையின் உரு நாளை வேறுபட்டு வரினும் அதனை அடையாளங் காண்பான்.

தனக்கு வரும் கேட்டைத் தவிர்த்தல் பாதுகாப்பு. தன்னாற் பிறர்க்கு வரும் கேட்டைத் தவிர்த்தல் பொறுப்பு. இவ்விரண்டாவதை நாம் இன்னும் குறைவாகவே கற்பிக்கின்றோம். 2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாக ஊர்தோறும் பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பகுதிக்குத் தம் குலதெய்வக் கோயிலை நாடிவந்த ஒரு மூதாட்டி, வழியிலிருந்த பிள்ளைகட்கு மிட்டாய் கொடுத்தார். அதனைக் கண்டோர் அவரைப் பிள்ளை பிடிப்பவரெனக் கருதினர். ஊர் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார். ஜூலை முதல் நாளில் மகாராஷ்டிர மாநிலத்துத் துளே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரில் ஐவர் இவ்வாறே கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டில் இந்தியாவெங்கும் உலவிய காட்சிகளுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் நின்ற குழந்தையொன்றைத் தூக்கிச் செல்வதாகக் காட்டிற்று. உண்மையில் அது பாக்கிஸ்தானத்துக் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாய்க் காத்துக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு உணர்த்தவெடுத்த படம். அதன் இறுதியில் அவ்விருவரும் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுகின்றனர். அவ்விறுதிப் பகுதியை ஒருவன் வெட்டி எறிந்தான்; எஞ்சியதை எண்ணிறந்தோர் அனுப்பினர். வெட்டியவன் ஒருவன் தீயவன் என்பது மெய். ஆனால் அனுப்பியோருட் பெரும்பாலோர் பிள்ளைகள்மீது கொண்ட அன்பாலேயே அனுப்பினர் என்பதை மறத்தலாகாது. நல்லெண்ணம் நிதானமின்றி விரையுமாயின், அது தீயவன் கைக்கருவியாகும். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்கட்கு மேல் அனுப்பலாகாதென வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. யந்திரத்திற்கு வரம்பிடுதல் எளிது. ‘இதனை யார் எடுத்தார்? எங்கே எடுத்தார்? முழுமையும் இதுதானா?’ என்று வினவும் மனத்தைப் பழக்குதல் கல்விச்சாலையால் மட்டுமே இயலும்.

எழுதித் தரும் யந்திரங்களைப் பற்றியும் ஒன்று கூறுவன். 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், நம் மாணவர் ஒப்படைக்கும் கட்டுரைகளில் ஆசிரியர் ஐயுறாத கட்டுரை அரிதாயிற்று. அடுத்த ஆண்டே நியூயார்க்கு நகர நீதிமன்றமொன்றில், வழக்கறிஞரிருவர் அவ்யந்திரம் படைத்துக் கொடுத்த, உலகில் என்றும் நடந்திராத வழக்குகளின் தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டி அகப்பட்டனர். நீதிபதி அவர்கட்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அத்தீர்ப்பில் நம் கவனத்திற்குரியது யாதெனின், யந்திரத்தைப் பயன்படுத்தியதையே குற்றமென்று நீதிபதி கொள்ளவில்லை. அவ்வழக்குகள் எங்கேயென்று எதிர்த்தரப்பாரும் நீதிமன்றமும் வினவிய பின்னரும் உண்மையை ஒப்புக்கொள்ளாது அப்பொய்யைத் தாங்கிப் பிடித்ததையே கடிந்தார். உரிய காலத்தில் உண்மை சொல்லியிருந்தால் நிலைமை வேறாயிருக்கும். கற்றறிந்த வழக்கறிஞரே ஒப்புக்கொள்ள அஞ்சினரெனின், பதினெட்டு வயதுப் பிள்ளையின் அச்சத்தைக் கேட்பானேன்?

இந்த அச்சம் எல்லாவற்றினும் கொடிதாய்த் தாக்குவது, படங்களைக் காட்டி மிரட்டப்படும் மாணவியரையும் மாணவரையுமே. ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி எடுத்தலும் பரப்புதலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரையிற் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமையென்று தீர்த்தனர். சட்டம் மிரட்டப்பட்டவர் பக்கம் நிற்கின்றது. ஆனால் மிரட்டப்பட்ட பெண்ணின் மனத்தில், ‘நீ ஏன் படம் அனுப்பினாய்?’ என்று கேட்கப்போகும் நம் குரலே முதலில் ஒலிக்கின்றது. அக்குரலுக்கு அஞ்சி உயிரையே விட நினைப்போரும் உண்டு. அவள் கள்வனுக்கு அஞ்சுவதினும் மிகுதியாக ஆசிரியர்க்கு அஞ்சுவாளாயின், நாம் கற்பித்தது என்ன?

ஆதலின் நம் கலாசாலை செய்யத்தக்கனவாக மூன்றனை முன்வைக்கின்றேன். முதலாவது, வாரத்தில் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டா. வஞ்சகர் அனுப்பும் செய்திகளையே வகுப்பிற் காட்டி, ‘இதில் எங்கே பொய்?’ என்று மாணவரைக் கொண்டே ஆராயச் செய்தல் போதும். கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகட்குப் பொய்ச்செய்தியைப் பிரித்தறியக் கற்பிக்கத் தொடங்கினர். பள்ளிப்பிள்ளைகட்கு இயன்றது கலாசாலை மாணவர்க்கு இயலாதோ? வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் காவற்றுறையிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து ஒரு மணிநேரம் உரையாடுவார்களாயின், அது கட்டிட நிதிக்கு அளிக்கும் நன்கொடையினும் சிறந்ததாகும்.

இரண்டாவது, ஆசிரியர் இருவரும் மூத்த மாணவர் இருவரும் கொண்ட ஒரு சிறு குழு அமைதல் வேண்டும்; அவருட் பெண்டிரும் இருத்தல் இன்றியமையாதது. இணையத்தால் இடருற்ற எவரும் எவ்வேளையிலும் அவரிடம் செல்லலாம். அங்கே முதற் கேள்வி ‘என்ன நடந்தது?’ என்பதேயன்றி, ‘ஏன் செய்தாய்?’ என்பதன்று.

மூன்றாவது, அங்ஙனம் தானே வந்து சொல்லுமிடத்து வெளிப்படும் விதிமீறலுக்குத் தண்டனையில்லை என்பதைக் கலாசாலைத் தலைவர் எழுத்து மூலமாக அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பும் 1930 என்னும் எண்ணும், யான் ஒட்டிய பழைய விதிக்கு அருகிலேயே ஒட்டப்படுக.

இதனாற் கட்டுப்பாடு தளரும் என்று அன்பர் சிலர் அஞ்சுதல் கூடும். வகுப்பு நேரத்திற் கைபேசி வேண்டும் என்று யான் வாதிக்கவில்லை. பாடம் நடக்கையில் அது பைக்குள் இருத்தலே முறை. கவனம் சிதறிய இடத்திற் கல்வி இல்லை. விதி இருக்கட்டும், ஆனால் விதியை மீறிப் பிடிபட்டவனும், இடருற்று ஓடிவந்தவனும் ஒருவரல்லர். கெட்ட குமாரன் உவமையை ஆலயத்தில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். திரும்பிவரும் மகனைத் தூரத்திற் கண்ட தந்தை, அவன் வாசற்படி ஏறிக் கணக்கொப்புவிக்கும்வரை காத்திருந்தாரில்லை, தாமே ஓடிச்சென்றார். செலவிட்ட பொருளைப்பற்றிய விசாரணை அக்கதையில் எங்கும் இல்லை. அவ்வுவமையைப் போதிக்கும் கலாசாலையில், பணமிழந்த பிள்ளை ஒன்பது நாள் பட்டினியாய் ஒளிந்திருந்தான் என்பது எனக்கு இன்றும் வெட்கத்தைத் தருகின்றது.

வேறு சிலர், இஃது கணிப்பொறித் துறையாரின் வேலையன்றோ என்பர். அற்றன்று. யந்திரத்தின் உள்ளமைப்பை அவர் கற்பிக்கட்டும். அதனை ஏந்திய கை நிதானிக்கவும் கூசவும் அறிதல் ஒழுக்கத்தின் பாற்பட்டது. அது தமிழாசிரியர்க்கும் கணித ஆசிரியர்க்கும் விடுதித் தலைவர்க்கும் ஒருங்கே உரிய பணி. இன்னுஞ் சொல்லப்புகின், இத்துறையில் ஆசிரியர் மாணவரிடமிருந்து கற்கவேண்டுவனவும் பலவுள. அதற்கு நாணுதல் வேண்டா.

புதிய கருவியொன்றைத் தாங்கி நிற்பது மிஷன் கல்விச்சாலைகட்குப் புதிதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், தமிழெழுத்துக்களை வார்த்து, 1715ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அச்சுப்பொறியை நிறுவியதோடு அவர் நின்றாரில்லை, பள்ளிகளையும் திறந்தார். வாசிக்கக் கற்பியாது ஏடு கொடுத்தல் வீண் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வழி வந்த நாம், அச்சுப்பொறியினும் ஆயிரமடங்கு விரைவுடைய கருவி நம் பிள்ளைகளின் கையில் இருக்க, அதனை வாசிக்கக் கற்பியாதிருத்தல் தகுமோ?

மாணவ நண்பர்காள்! உங்கட்கு ஒரு சொல். நீங்கள் ஏமாறக்கூடும், அதிற் பெரும் இழிவொன்றுமில்லை, ஆசிரியரும் ஏமாறியிருக்கின்றனர். ஏமாறிய நாழிகையிலேயே வந்து சொல்லுங்கள். கதவு திறந்திருக்கச் செய்வது எங்கள் கடமை. அம்மாணவன் பின்னர்த் தேர்ச்சி பெற்று நற்பணியில் அமர்ந்திருக்கின்றான். இவ்விதழ் அவன் கைக்கும் எட்டுமென நம்புகின்றேன். எட்டுமாயின், அன்று அவன் சொல்லாத ஒன்பது நாளுக்கு அவனினும் யானே மிகுதியும் பொறுப்புடையேன் என்பதை அவன் இதன்வாயிலாக அறிவானாக.